புதுப்பிப்பு: மோகனத்தில் மெட்டு, தத்தகாரம் முதலில்

மோகன ராகத்தில் (ச ரி க ப த என்ற ஐந்து சுரங்கள்) பல்லவி (பாட்டின் முதல் பகுதி) மெட்டு போட்டால் ஆரோகண அவரோகணப் பயிற்சி (சுரங்களில் வரிசையாக ஏறி இறங்குவது) போலவே ஒலிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, சுர மாற்றத்தைத் தொடாமல் தத்தகாரத்தை (சொல்லுக்குப் பதில் தன்னன போன்ற ஒலிகளால் கட்டும் தாள அமைப்பை) முதலில் கட்டச் சொன்ன யோசனை. ஆதி தாளம் (எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை) போட்டு, "தன்னன தான தானா" என்று ஒரே சுரத்தில் பாடி, ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு சுற்றின்) கடைசி இரண்டு அட்சரங்களைக் காலியாக விடவும். அந்த இடைவெளிதான் மெட்டுக்கு மூச்சு. பிறகு ரி, க, ப மூன்றால் மட்டும் நிரப்பவும். முதல் அடி ரி-யில் நிற்கட்டும்; இரண்டாம் அடியின் முடிவு மட்டும், அதே தத்தகாரத்தில், ச-வில் இருக்கட்டும். மேல் ச-வைப் பல்லவியில் தொட வேண்டாம். பின்வரும் சரணம் மேலே ஏற இடம் வேண்டும். எடுப்பை (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை) அரை அட்சரம் தள்ளியதும் பயிற்சி வாடை முழுக்கப் போய்விட்டது.

எதிர்பாராதது கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வந்தது. ஸ்ருதி (ச-வின் இடம்) சி என்றால் சி மேஜர், ஏ மைனர் இரண்டும் ராகத்துக்குள் அடங்கும். ஜி மேஜரில் உள்ள பி, காகலி நிஷாதம் (மோகனத்தில் இல்லாத நி). வாசித்ததும் சங்கராபரண ராகச் சாயல் தட்டுகிறது. பி-யை விட்டு ஜி, டி மட்டும் வாசித்தால் சரி. எஃப் மேஜர் சுத்த மத்யமத்தை (இதுவும் மோகனத்தில் இல்லாத ம) கொண்டுவரும். அந்த இடத்தில் ஏ மைனரே போதும்.