ஊருணியை ஆழப்படுத்தியும் மாசியிலேயே வற்றுகிறது, ஏன்?

கேள்வி (செட்டிநாடு, கானாடுகாத்தான் பக்கம்):
எங்க ஊர் ஊருணி முன்னே 8 அடி. பொக்லைன் விட்டுத் தூர்வாரி 12 அடி ஆக்கினாங்க. மார்கழியில் நிறையுது, மாசி கடைசியில் தரை தெரியுது. முன்னெல்லாம் சித்திரை தாண்டியும் தண்ணி கிடக்குமாம். ஆழம் கூடியும் ஏன் நிக்கலை? கூடவே ஒண்ணு: ஆறே இல்லாத சீமையில் இவ்வளவு பெரிய ஊர்கள் எதை நம்பி வந்துச்சு?

பதில் 1:
ஆழம் கூடினதுதான் வினை அண்ணே. தண்ணியைத் தாங்கினது அடியில் இருந்த களி. அதைச் சீவிட்டுச் சரளையைத் தட்டியிருப்பாங்க. நிச்சயம் பண்ண ஒரு வாளி போதும். முக்கால் வாளி தண்ணி ஊத்தி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, படித்துறையில் பாதி முங்குற மாதிரி வைங்க. வாளிக்குள் ஒரு கோடு, பக்கத்தில் நட்ட குச்சியில் ஒரு கோடு. மழையில்லாத 5 நாள் பாருங்க. வாளியில் குறைஞ்சது வெயில் குடிச்சது. குச்சியில் அதுக்கு மேல் இறங்கினது மண் குடிச்சது (ஆடு மாடு, குடம் எல்லாம் போக). வெயிலுக்கு நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் போகும். 150 நாளுக்கே 3 அடிதான் ஆச்சு. இரண்டே மாசத்தில் 12 அடி போச்சுன்னா வெயில் மேல் பழி போட முடியாது.

கேட்டவர்:
களியைத் திரும்பப் போட முடியுமா?

பதில் 2:
முடியும். களியை உருட்டினா பென்சில் கனத்துக்கு உடையாமத் திரி மாதிரி வரணும், அதுதான் பக்குவம். கட்டியை உடைச்சு, ஈரத்தோட அரை அடி பரப்பி, ரோலர் ஓட்டி, அதுமேல் அடுத்த அடுக்கு. மொத்தம் மூணு. சித்திரையில் போட்டா வெடிச்சுப் பாளம் பாளமாப் பிளந்துடும். புரட்டாசியில் முடிச்சா ஐப்பசி மழை மூடிக்கும். கண்மாய்க் களியை எடுக்கிறதா இருந்தா முதல்ல தாசில்தார் அனுமதி வாங்குங்க. வரத்துக்காலையும் நடந்து பாருங்க. ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழைன்னா 4 லட்சம் லிட்டர். நடுவில் ஒரு பிளாட் மண்ணைக் கொட்டி மேடாக்கினா அத்தனையும் ரோட்டுக்குப் போயிடும். கால் ஊருணிக்குள் விழற இடத்தில் வண்டல் தங்க ஒரு குழி அவசியம். அதை வருஷாவருஷம் அள்ளினா ஊருணிக்குள் பொக்லைனே இறங்க வேண்டாம்.

பதில் 3:
ஆறே இல்லைங்கிறது மிகை. தேனாறு, மணிமுத்தாறு எல்லாம் உண்டு, மழைக்கு மட்டும் ஓடும். அதனால்தான் செம்புறாங்கல் அடுக்கிக் கரை கட்டின ஊருணி ஊருக்கு ஊர் இருக்கு. வீட்டிலும் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் வளவு (வீட்டின் உள்கட்டு) முற்றத்தில்தான் விழும். முதல் மழையை வெளியே விட்டுட்டு, அப்புறம் அண்டாவில் பிடிப்பாங்க. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தா, சிதறினது போக 4,000 லிட்டர் தேறும். ஊருணித் தண்ணி கலங்கலா இருந்தா பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி ஊத்துவாங்க. வண்டல் அடியில் படியும். கிருமி சாகாது, காய்ச்சித்தான் குடிக்கணும்.

இதெல்லாம் குடிக்க. கண்மாய்ப் பாசனம் ஒரு போகம் கொடுத்தா அதிகம், அதை வச்சு மாளிகை எழும்பாது. அந்தப் பணம் விளைஞ்சது பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கரையில். 1852-ல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனபின் நகரத்தார் (இந்தச் சீமைச் செட்டியார்கள்) அங்கே நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தாங்க. 1930-களின் விலைச் சரிவில் கடன் திரும்பலை, நிலம்தான் வந்துச்சு: 1930-ல் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதம், பத்தாண்டு முடியறதுக்குள் கால் பங்கு. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் அதுவும் போச்சு.