நாடக ஒலிப்பதிவுக்கு இரைச்சல் குறைப்பு 30-ஆ? யார் சொன்னது?

வைகைக்கரையான்:
கிராமத்து நாடகம் என்றால் ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இரைச்சல் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கண்ணை மூடிக்கொண்டு 30 டெசிபலில் வைக்கச் சொல்லி நேற்று சிம்மக்கல் சவுண்டு எழுதியிருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம் கோயில் திருவிழாவில் நான் பதிந்த நாடகத்துக்கு அப்படியே செய்தேன். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் கிணற்றுக்குள் இருந்து பாடுகிறார். ஆர்மோனியம் இழுத்து அடங்கும் இடமெல்லாம் கிணுகிணுவென்று தகரச் சத்தம். அந்த மென்பொருளின் பழைய பதிப்புகள் எடுத்த எடுப்பில் காட்டிய எண் 12. செய்தவர்களுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது?

சிம்மக்கல் சவுண்டு:
இருபது வருடமாக ரேடியோ செட் கட்டுகிறேன் தம்பி. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்துவிட்டு 12 வைத்தால் எப்படிக் காணும்? 30 வைத்துத்தான் எத்தனையோ ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

வைகைக்கரையான்:
கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணே. 6 டெசிபல் குறைத்தால் அலையின் உயரம் பாதியாகும். 12 என்றால் கால்வாசி. 30 என்றால் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு! அவ்வளவு அறுத்தால் குரலின் ஓரமும் சேர்ந்துதான் போகும். பபூன் பேசும்போது பின்னால் பெண்கள் சிரிக்கிற சிரிப்பு என் பதிவில் இருந்தது. 30 வைத்ததும் அதைக் காணோம்.

மேலூர்க்காரன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நாய்ஸ் புரொஃபைல், அதாவது இரைச்சல் இதுதான் என்று மென்பொருளுக்குக் காட்டும் மாதிரி, எந்த இடத்தில் எடுத்தீர்கள்? ஆர்மோனியத்தில் சுருதி ஓடிக்கொண்டிருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதையும் இரைச்சல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெறும் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் உள்ள ரெண்டு வினாடி கிடைக்காதா?

வைகைக்கரையான்:
புரொஃபைலை எங்கே எடுத்தால் என்ன, 30 என்பது 30தான். பேச்சை மாற்றாதீர்கள்.

தெற்குமாசி:
உரத்த சத்தத்தை அடக்கி மெல்லியதைத் தூக்கும் கம்ப்ரசரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் நாய்ஸ் ரிடக்‌ஷனா? அப்படியானால் இரைச்சலையும் ஏற்றிவிட்டு அறுக்கிறீர்கள். இன்னொன்று, 2022-இல் வந்த ஆடாசிட்டி 3.2 பதிப்பிலிருந்து பல எஃபெக்டுகளைப் பாட்டு ஓடும்போதே மாற்றி மாற்றிக் கேட்கலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் அப்படி இல்லை, அலையையே மாற்றிவிடும். அசலுக்கு ஒரு நகல் வைத்திருக்கிறீர்களா?

சிம்மக்கல் சவுண்டு:
அவரிடம் நகல் எங்கே இருக்கும்? போன சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவையைப் பதிய மதுரைத் தல்லாகுளத்துக்கு என் கண்டென்சர் மைக்கை வாங்கிப் போனவர். வலை நசுங்கித்தான் திரும்பி வந்தது. மைக்கைப் பிடிக்கத் தெரியாதவர் எனக்கு டெசிபல் கணக்கு சொல்கிறார்.

வைகைக்கரையான்:
கொடுக்கும்போதே நசுங்கியிருந்தது, அன்றைக்கே சொன்னேன். நீங்கள் மென்பொருளில் சேர்த்து ஓட்டுகிற துணை நிரல்கள், அந்த பிளக்-இன்கள், காசு கொடுத்து வாங்கியவையா, அதைச் சொல்லுங்கள் முதலில். பெட்டியைத் திறந்தாலே பாதி 32-பிட், 64-பிட் மென்பொருளில் ஏறாது என்று என்னிடமே புலம்பினீர்கள்.

சிம்மக்கல் சவுண்டு:
என் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுவீர்களா? நல்ல மரியாதை.

மேலூர்க்காரன்:
ஜெனரேட்டர் ரீங்காரம்தான் தொந்தரவு என்றால் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸில் அந்தச் சுருதியை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடலாம். குரலில் கை வைக்கவே வேண்டாம். யாராவது கேட்கிறீர்களா?

சிம்மக்கல் சவுண்டு:
நாட்ச் எல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. 30-ஐ நான் மாற்றப்போவதில்லை.

வைகைக்கரையான்:
அந்த ராஜபார்ட்டுக்கு எழுபது வயது. விடியற்காலை மூன்று மணிக்குத் தொண்டை கட்டிய பிறகும் மேல் பஞ்சமத்தைத் தொட்டார். அந்தக் கரகரப்பை இரைச்சல் என்று அறுத்துப் போட்டிருக்கிறது உங்கள் 30. மைக் சண்டைக்குத் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன். இங்கே 30-க்குப் பதில் சொல்லுங்கள்.