ஒட்டாவா அரசுப் பணி: கூட்டங்கள் ஏன் எப்போதும் ஆங்கிலத்துக்கே திரும்புகின்றன?

கேள்வி – ரிடோக்கரை:

வணக்கம். ஒட்டாவாவில் கனடிய மத்திய அரசின் திணைக்களம் ஒன்றில் பணியாற்றுகிறேன். அண்மையில் ஒரு சிறிய குழுவுக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டேன். பிரெஞ்சில் வாசிப்புக்கு சி, எழுத்துக்கு பி, பேச்சுக்கு சி என்ற நிலைகளில் (ஏ, பி, சி என்பவற்றில் சி உயர்ந்தது) தேறிய பின்னரே நியமனம் உறுதியானது. 2025 ஜூன் முதல், ஊழியர் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எதிலும் வேலை செய்யலாம் என்று வகுக்கப்பட்ட இருமொழிப் பிரதேசங்களில் மேற்பார்வைப் பதவிக்குப் புதிதாக வருவோருக்கு அதுவே குறைந்தபட்சத் தகுதி.

குழுவில் இருவர் பிரெஞ்சு மொழியினர். ஆற்றுக்கு அப்பால் கேட்டினோவிலிருந்து வருகிறார்கள். கூட்ட அழைப்பு இரண்டு மொழிகளிலும் போகிறது, நானும் பிரெஞ்சில் வணக்கம் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஆனாலும், நடைவழியில் தங்களுக்குள் சிரித்துப் பேசி வரும் அந்த இருவரும், கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் அளந்து அளந்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அமைதியாகி விடுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் அரசகரும மொழிகள் சட்டத்தின் ஐந்தாம் பகுதி, இந்தப் பிரதேசத்தில் தாம் விரும்பும் அரசகரும மொழியில் வேலை செய்யும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தாதவரிடம், பயன்படுத்துங்கள் என்று சொல்வது முறையா?

பதில் – மொன்றியல் மைந்தன்:

குடியேறிகளின் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பவைத்த கியூபெக் மாகாணத்தின் 101ஆம் சட்டம் 1977இல் வந்த பிறகு பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் நானும் ஒருவன். ஆகவே அலுவலகப் பதிவில் என் முதல் அரசகரும மொழி பிரெஞ்சு. உங்கள் குழுவில் இருக்கும் அந்த இருவரின் இடத்தில்தான் நானும் இருக்கிறேன்.

வாய் திறப்பதற்கு முன்னரே நாங்கள் ஒரு கணக்குப் போட்டு விடுகிறோம். பிரெஞ்சில் சொன்னால் எதிரே இருப்பவர் புருவத்தைச் சுருக்குவார், பிறகு அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லவேண்டி வரும், அதற்குள் கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடும். அறிக்கைகளின் கதையும் அதுதான். பிரெஞ்சில் வரைவு எழுதினால் மேலிடத்துக்குப் போகுமுன் அது மொழிபெயர்ப்புக்குப் போகிறது. திருத்தங்கள் ஆங்கிலப் பிரதியில்தான் திரும்பி வருகின்றன. நான் தேர்ந்தெடுத்து எழுதிய வாக்கியம் எதுவும் அதில் மிஞ்சுவதில்லை. அடுத்த முறை நேரே ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறோம். அரசகரும மொழிகள் ஆணையாளரின் அலுவலகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த பிரெஞ்சு மொழியினரில் 44 சதவீதத்தினர் வேலையிடத்தில் பிரெஞ்சைப் பயன்படுத்தச் சங்கடப்படுவதாகக் கூறியிருந்தனர். சக ஊழியருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அதற்கான காரணங்களில் முக்கியமானது.

எனவே "பிரெஞ்சில் பேசுங்கள்" என்று அவர்களிடம் கேட்டால், சுமையை மறுபடியும் அவர்கள் தலையிலேயே வைக்கிறீர்கள். வணக்கத்தோடு நிறுத்தாமல், வரவுசெலவு, காலக்கெடு, யார் எதைச் செய்வது என்ற முக்கியமான பகுதியை நீங்களே பிரெஞ்சில் பேசுங்கள். தலைமை தாங்குபவர் பேசும் மொழிதான் கூட்டத்தின் மொழி.

பதில் – கணினிக்காரன்:

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லவேண்டும். நான் ரொறன்ரோவிலிருந்து மாற்றலாகி வந்தவன். ஊழியரின் வேலை மொழியைப் பொறுத்தவரை ரொறன்ரோ இருமொழிப் பிரதேசமாக வகுக்கப்படவில்லை என்பதால், அங்கே இந்தப் பேச்சே எழுந்ததில்லை. தமிழ், ஆங்கிலம் என்று வந்த எங்களில் பலருக்குப் பிரெஞ்சு மூன்றாவது மொழி, சிலருக்கு நான்காவது.

வாய்மொழித் தேர்வுக்காக, "முன்பே தெரிந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பேன்" போன்ற வாக்கியங்களை மாதக்கணக்கில் வாய்ப்பாடமாக்கித் தேறுகிறோம். பெறுபேறு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பிறகு அலுவலகத்தில் ஆசையோடு ஒரு வாக்கியம் தொடங்கினால், எங்கள் உச்சரிப்பைக் கேட்டதுமே பிரெஞ்சு நண்பர் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். எடுக்காத கத்தி துருப்பிடிப்பதுபோல அந்தப் பிரெஞ்சு துருப்பிடிக்கிறது, அடுத்த தேர்வுக்கு மறுபடி வகுப்புக்குப் போகிறோம். இருமொழிப் பதவிக்கான கொடுப்பனவோ 1970களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்கு 800 டொலர் என்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்காக யாரும் மொழி கற்பதில்லை, பதவி உயர்வுக்காகத்தான் கற்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மொழியை மறப்பதில் வியப்பென்ன?

பதில் – ஓய்வுபெற்றவர்:

இரண்டு பேரும் சொல்வது ஒரே நிலைமையைத்தான். ஒவ்வொருவரும் மற்றவருக்கு வசதி செய்வதாக எண்ணி ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். ரிடோக்கரை அவர்களே, நான் குழுக்களை நடத்திய காலத்தில் பலன் தந்தவற்றைக் கூறுகிறேன்.

முதலில், எந்த மொழியில் மேற்பார்வை வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துவையுங்கள். கூட்டத்தின் நடுவில் கேட்டால் எல்லோரும் "எதுவானாலும் சரி" என்றுதான் சொல்வார்கள். செயற்றிறன் மதிப்பீட்டு உரையாடலை அந்த மொழியிலேயே நடத்துங்கள். வேலையில் தன் குறைநிறைகளைப் பற்றிப் பேசும்போதுதான் ஒருவருக்குத் தன் மொழி மிகவும் தேவைப்படுகிறது. கூட்டத்தில் நீங்கள் பிரெஞ்சில் பேசினால் திரையில் ஆங்கிலம் இருக்கட்டும், ஆங்கிலத்தில் பேசினால் திரையில் பிரெஞ்சு இருக்கட்டும்.

இன்னொன்று, இது பலருக்கும் கசக்கும். "ஒரு பத்திதானே, பார்த்துக் கொடுங்கள்" என்று மொழிபெயர்ப்பை அந்த இருவரிடம் தள்ளாதீர்கள். அது அவர்களுடைய பதவி விவரத்தில் இல்லை. சொந்த வேலை தேங்கிக் கிடக்க, குழுவின் கடிதங்களையெல்லாம் இலவசமாகப் பிரெஞ்சாக்கிக் கொடுத்துக் களைத்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ரிடோக்கரை:

மிக்க நன்றி. ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. குழுவில் ஒருவருடைய பதவி ஆங்கிலம் மட்டும் போதும் என்று வகுக்கப்பட்டது. அவருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் விளங்காது. நான் பிரெஞ்சில் நீளமாகப் பேசினால் அவருக்கு அநீதி ஆகாதா?

ஓய்வுபெற்றவர்:

அவரை ஆங்கிலத்தில்தான் மேற்பார்வை செய்யவேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் ஒருவருக்காக முழுக் கூட்டமும் ஆங்கிலமாக வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. இரண்டு மொழியிலும் ஊழியரோடு பேசக்கூடிய மேற்பார்வையாளரைத்தான் 2023இல் திருத்தப்பட்ட சட்டம் கேட்கிறது. ஒவ்வொரு விடயமும் முடிந்ததும் எடுத்த முடிவையும் பொறுப்பானவரின் பெயரையும் மற்ற மொழியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். கூட்டம் பத்து நிமிடம் நீளும், அதற்கேற்ப நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைக் குறைத்துவிடுங்கள்.