அப்பாவின் பேச்சும் ஒரே ஒரு கோப்பும்

அப்பாவுக்கு 80 வயது. பினாங்கின் வெல்ட் கீ படகுத்துறையில், தொங்கான் என்னும் சரக்குப் படகுகளில் மூட்டை ஏற்றிய காலத்தைப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பேச்சும் ஒரே தடத்தில் போகாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தில் தொடங்கி, கூலிக் கணக்கெழுதிய கிராணியிடம் வந்து நிற்கும்.

அதை எழுதிவைக்க எனக்கு வாய்த்தது டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டு மென்பொருள். ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்டது. நிரலும் குறிப்புகளும் சேர்ந்து ஒரே எச்டிஎம்எல் கோப்பு. இணையம் இல்லாமலும் உலாவியில் திறக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் டிட்லர் என்று பெயர். நான் சீட்டு என்கிறேன். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது இன்னொரு சீட்டுக்கு இணைப்பாகிவிடும். அந்தச் சீட்டு இன்னும் எழுதப்படவில்லை என்றால் இணைப்பு சாய்ந்த எழுத்தில் நிற்கும். அப்பாவிடம் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று அந்தச் சாய்ந்த எழுத்துகளே எனக்குச் சொல்லின.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் இரண்டு இரவுகள் தட்டச்சு செய்தேன். மூன்றாம் நாள் கணினி முகப்பில் இருந்த கோப்பைத் திறந்தால் எதையும் காணவில்லை. கை நடுங்கிவிட்டது. உண்மையில் எதுவும் அழியவில்லை. ஒரு பக்கம் தன் சொந்தக் கோப்பின் மேலேயே எழுதுவதை, பாதுகாப்புக் கருதி, உலாவிகள் இயல்பாக அனுமதிப்பதில்லை. ஆகவே சேமிக்கும்போதெல்லாம் புதிய படி ஒன்று பதிவிறக்கக் கோப்புறைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே என் ஏழு படிகளும் எண்ணிட்டு வரிசையாக இருந்தன! இப்போது டிட்லிவிக்கி கோப்புகளைத் திறப்பதற்கென்றே உள்ள டிட்லிடெஸ்க்டாப் என்ற கணினிச் செயலியில் திறக்கிறேன். அது அதே கோப்பில் சேமிக்கிறது. சேமிப்புக் குறி சிவப்பாக இருக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.

பகிர்வதிலும் ஒரு பாடுதான். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனுக்குக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரும் எழுதினார், நானும் எழுதினேன். கோப்பு இரண்டாகப் பிரிந்துபோனது. இப்போது அவர் எழுதிய சீட்டுகளை மட்டும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தில் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்புகிறார், நான் என் கோப்பில் இழுத்துப் போடுகிறேன். தலைப்பு ஒன்றாக இருந்தால் புதியது பழையதை அழித்துவிடும். அதனால் தம் தலைப்புகளில் ‘அண்ணன் சொல்வது’ என்று சேர்த்துவிடுகிறார். கிராணியின் பெயரில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு சீட்டுகளும் இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய பதில்:

அக்கா, அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதாக இருந்தால் அண்ணனிடமும் சொல்லிவையுங்கள். அம்மாவின் சமையல் குறிப்புகளை மறையாக்கம் செய்து வைத்திருந்தேன். கடவுச்சொல் மறந்துபோனது. அதை மீட்டுத்தர யாருமில்லை. கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திறக்க முடியவில்லை.