நிலம் அதிர்வதற்கு 9 நொடி முன்பே பதிவாகிறது, எங்கே தப்பு?

வெந்நீர்க்கேணி:
கலிஃபோர்னியாவில் கைசர்ஸ் புவிவெப்ப வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கராஜின் சிமெண்ட் தரையில் ஒரு ராஸ்பெரி ஷேக் (ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் இயங்கும் வீட்டு நில அதிர்வுமானி) ஓடுகிறது. இங்கே குட்டி அதிர்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வகம்) அதிர்வுப் பட்டியலோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கிறது. நேற்று 12 கி.மீ. தள்ளி வந்த 2.1 அளவு அதிர்வு, அது தொடங்கிய நேரத்துக்கு 9 நொடி முன்பே என் பதிவில் இருக்கிறது! அதிர்வை உணரும் ஜியோஃபோன் போய்விட்டதா?

பாறைப்பித்தன்:
ஜோசியம் சொல்லும் ஜியோஃபோன் :) முதலில் வரும் பி அலைக்கும் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலைக்கும் இடைவெளி எவ்வளவு? போன வாரமும் இதே 9 நொடிதானா?

வெந்நீர்க்கேணி:
இடைவெளி 1.6 நொடி. போன வாரம் 3 நொடிதான் முந்தியிருந்தது.

பாறைப்பித்தன்:
அப்படியென்றால் ஜியோஃபோன் நலம், கடிகாரம்தான் பின்தங்குகிறது. தூரம் தெரிய 1.6-ஐ ஏழரையால் பெருக்குங்கள், 12 கி.மீ. வருகிறதல்லவா? இரண்டு அலையும் ஒரே கடிகாரத்தில் பதிவதால் இந்த இடைவெளி கெடாது. நொடிக்கு 5 கி.மீ. என்று வைத்தால் பி அலை 2.4 நொடி கழித்து வந்திருக்க வேண்டும். ஆக, மொத்தம் 11 நொடிக்கு மேல் பின்னால் இருக்கிறீர்கள். இணையத்திலிருந்து நேரம் கிடைக்காவிட்டால் ராஸ்பெரி பை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். சமீபத்தில் ரவுட்டர் மாற்றினீர்களா? இணைய நேரம் வரும் வழியான யுடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கும்.

மேக்மா மாமா:
குட்டி அதிர்வுதானே என்று விடவேண்டாம். இடம் குறிக்கும்போது ஒரு நிலையத்தில் ஒரு நொடி தப்பினால் தூரத்தில் சுமார் 5 கி.மீ. தப்பும். புவிவெப்பம் எடுக்கக் கிணற்றில் இறக்கும் தண்ணீர் எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று பார்க்கிறவர்களுக்கு அது ஊரே மாறிய மாதிரி. சுவிட்சர்லாந்தின் பாசல் புவிவெப்பக் கிணற்றில் 2006 டிசம்பரில், தண்ணீர் செலுத்துவதை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துத்தான் 3.4 அளவு அதிர்வு வந்தது. அதிர்வு வலுத்தால் தண்ணீரைக் குறைக்கும் அல்லது நிறுத்தும் டிராஃபிக் லைட் முறை அங்கே இருந்தும் பலிக்கவில்லை. அதனால் குட்டிகளின் போக்கைச் சரியாகப் பிடிப்பதுதான் முக்கியம்.

வெந்நீர்க்கேணி:
ரவுட்டர் மாற்றிச் சரியாக 13 நாள்! போர்ட்டைத் திறந்ததும் நேரம் குதித்துச் சரியாகிவிட்டது. இன்று காலை வந்த 1.3 அதிர்வு, தொடங்கி 2 நொடி கழித்து ஒழுங்காகப் பதிந்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நீண்ட அதிர்வு வரும், அதையும் நேற்று கண்டுபிடித்தேன். வாஷிங் மெஷின்.

பாறைப்பித்தன்:
அதற்கு எஸ் அலையே இருந்திருக்காதே!