தருமபுரி வெயிலில் 1000 சதுர அடி வீடு: கார்பனைக் குறைக்கச் சுவரை மாற்றுவதா, தளத்தையா, தூணையா?

பாலக்கோடு_வரைபடம்

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் எழும் வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. 12 தூண், 9 அங்குலச் செங்கல் சுவர், 5 அங்குலக் கான்கிரீட் கூரைத் தளம், அதன்மேல் ஒன்றும் கிடையாது. வெயில் காலத்தில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு ராத்திரி முழுக்க உள்ளே இறங்கும். அடுத்த வருடமே ஏசி வந்துவிடும்.

கணக்கு இது. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி, வருடத்துக்கு 100 இரவு, இரவுக்கு 8 மணி நேரம், மணிக்கு 0.9 யூனிட் என்றால் 720 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு (சுருக்கமாகக் கார்பன்). ஆக ஒரு ஏசிக்கு வருடம் 500 கிலோ. இரண்டு அறை, 40 வருடம் என்றால் 40 டன்.

அதனால் ஏசி கேட்காத வீட்டை வரைவதுதான் முதல் வேலை என்பது என் வாதம். வெளிச்சுவருக்கு 8 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்), தளத்தின்மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை). ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் இறங்குகிறது என்பதுதான் யு மதிப்பு. வெறும் தளத்துக்கு அது 3.5க்கு மேல். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 3 அங்குலம் போட்டு, மேலே தட்டு ஓடு பதித்தாலும் 2.5 பக்கம்தான் நிற்கும். எக்ஸ்பிஎஸ் போட்டால் 0.5. 2018இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதி, கூரைக்கு வைத்த உச்சவரம்பு 1.2. அந்த விதி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான் என்றாலும், சின்ன வீட்டுக்கும் அளவுகோல் அதுவே.

செம்மண்_கல்

உங்கள் 40 டன் 40 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது. பால் காய்ச்சுவதற்கு முன்பே போய்விடுகிற கார்பனை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

நீங்கள் சொன்ன அதே வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டை சிமெண்ட் ஆகும், அதாவது 20 டன். சாம்பல் கலக்காத சாதா ஓபிசி சிமெண்ட் என்றால் கிலோவுக்கு 0.85 கிலோ கார்பன், மொத்தம் 17 டன். கம்பி 4 டன், அதற்கு 9 டன் கார்பன். செங்கல் 20,000. லட்சம் கல்லுக்கு 15 முதல் 20 டன் நிலக்கரி எரிக்கிற சூளைக் கணக்கில் அதற்கு 7 டன். கூட்டினால் 33 டன். மின்சாரம் வருடாவருடம் சுத்தமாகிக்கொண்டு வருகிறது. உங்கள் 0.7 அடுத்த 20 வருடத்துக்கு 0.7ஆகவே இருக்காது. ஆனால் சிமெண்ட் ஆலைக் காளவாயில் சுண்ணாம்புக்கல் வெந்து வெளியேறிய கார்பன் திரும்பி வராது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது, ஏனென்றால் பாதிக்கு மேல் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது.

தருமபுரிச் செம்மண்ணில் அழுத்திய மண் கல் செய்யலாம். சிமெண்ட் 6 சதவீதம் போதும். இந்த வீட்டுச் சுவர் சுமார் 31 கன மீட்டர், 59 டன் கல். அதற்குச் சிமெண்ட் 3.5 டன், கார்பன் 2 முதல் 3 டன். செங்கலின் 7 டன்னோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. பூச்சு வேண்டாம் என்று விட்டால் இன்னும் மிச்சம்.

அரூர்_கொத்து

ரெண்டு பேரும் காகிதத்துல சரியா சொல்றீங்க. சைட்ல எங்க கெட்டுப்போகுதுன்னு சொல்றேன்.

மண் கல்லு: முதல்ல மண்ணைப் பாக்கணும். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்துல பெட்டி செஞ்சு, ஈர மண்ணை அடைச்சு, நிழல்ல காய வைங்க. 1.5 செ.மீ.க்குள்ள சுருங்கினா 18 பங்கு மண்ணுக்கு 1 சிமெண்ட். 3 செ.மீ. வரைக்கும் போனா 16க்கு 1. அதுக்கு மேல சுருங்கினா களி ஜாஸ்தி, மணல் கலக்கணும். கரிசல் மண்ணை இந்தப் பக்கமே கொண்டுவராதீங்க, அது சுண்ணாம்பு கேக்குற மண்ணு. கலந்த சிமெண்ட் இறுக ஆரம்பிக்கிறதுக்குள்ள அழுத்தி முடிக்கணும். காலையில கலந்து சாயந்திரம் வரைக்கும் அழுத்துறாங்க, அந்தக் கல்லு மழையில கரையாம என்ன பண்ணும்? அப்புறம் 28 நாள் ஈரச்சாக்கு போட்டு மூடணும். வெயில்ல அடுக்கி வெச்சா மேல் அடுக்கு பொடியா உதிரும். தரையிலிருந்து ஒன்றரை அடி கருங்கல் அடித்தளம், மேல 2 அடி தளம் வெளிய நீட்டணும். இது ரெண்டும் இல்லாம பூச்சு வேண்டாம்னு சொல்லாதீங்க.

ஏஏசி: செங்கல் மாதிரி தொட்டியில ஊறப்போடுறாங்க. கூடவே கூடாது, லேசா தெளிச்சா போதும். ஒட்டுக் கலவை 3 மி.மீ. போட வேண்டியதுக்கு சாதாக் கலவைய 12 மி.மீ. போடுறாங்க, அங்கதான் வெடிப்பு. பூச்சும் 1:4 (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்) அடிச்சா சுவரை விட்டுக் கழண்டு வரும், 1:6 தான். தூணும் பிளாக்கும் சேர்ற இடத்துல கம்பி வலை இல்லாத வீட்டைப் பாருங்க, நேர்க்கோடா விரிசல் நிக்கும்.

தேன்கனிக்கோட்டை_தூண்

இரண்டு பேரும் சுவரிலேயே நிற்கிறீர்கள். இந்த வீட்டின் கார்பன் தூணிலும் பீமிலும் இருக்கிறது. தரைத்தளம் மட்டும், அல்லது மேலே ஒரு மாடி என்றால் 12 தூண் எதற்கு?

அளந்து பாருங்கள். ஒரு தூண் 9க்கு 12 அங்குலம், மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்து 14 அடி. அடியில் 4க்கு 4 அடி பாதம். இரண்டும் சேர்ந்து 0.86 கன மீட்டர், 12 தூணுக்குப் பத்து கன மீட்டருக்கு மேல். அடித்தளத்தின் மேல், சுவருக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீம் 60 மீட்டர் ஓடினால் 4, தளத்துக்குக் கீழே தொங்கும் பீம் 3. ஆக 17 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 7 மூட்டை வைத்தால் 120 மூட்டை. கம்பி 1.7 டன். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் கணக்கிலேயே (கிலோவுக்கு 0.6) ஏழரை டன் கார்பன். தளத்தின் எடையைத் தானே தாங்கும் சுமைதாங்கிச் சுவர் கட்டினால் இவ்வளவும் வேண்டாம்.

கட்டாமல் விடக்கூடாதவை உண்டு. பிளிந்த் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் (வாசல், ஜன்னலுக்கு மேலே) 4 அங்குலக் கான்கிரீட் பட்டை வீடு முழுக்க அறுபடாமல் சுற்றி வர வேண்டும். மூலைகளிலும் வாசல் ஓரங்களிலும் செங்குத்துக் கம்பி இறங்க வேண்டும். நிலநடுக்கத்தில் சுவர் பிரியாமல் பிடிப்பது இதுதான்.

பாலக்கோடு_வரைபடம்

தூணை எடுத்தால் அடித்தளம் பெருக்குமே சார். 60 மீட்டர் சுவருக்கு 2 அடி அகலம், 3 அடி ஆழம் போல்டர் (ஒழுங்கில்லாத கருங்கல்) கட்டு என்றால் 32 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு கலவை. 1:6இல் 50 மூட்டைக்கு மேல் அங்கேயே போய்விடும். நாளைக்கு மேலே இரண்டு மாடி ஏற்றுவேன் என்பவருக்கு என்ன சொல்வீர்கள்?

தேன்கனிக்கோட்டை_தூண்

சரியான கேள்வி. அந்த 50 மூட்டைக்கு 1.6 டன், பட்டைகளுக்கு 1 டன். கழித்தாலும் 5 டன் கிட்ட மிச்சம். கிருஷ்ணகிரி பக்கம் சைஸ் கல் கிடைக்கிறது. நான்கு பக்கமும் உடைத்த கல் என்பதால் போல்டரைப் போல இடுக்கை நிரப்பக் கலவை குடிக்காது. இந்த இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் 3 முதல் 5 அடியில் மொரம்போ (கெட்டியான சரளை மண்) பாறையோ வந்துவிடும், அங்கே பாதத்தை அகலப்படுத்தும் அவசியமும் குறைவு. ஏரிக்கரை ஓரம், நிரப்பிய மனை, கரிசல் திட்டு என்றால் நான் சொன்னது செல்லாது. அங்கே தூண்தான்.

மேலே இரண்டு மாடி கட்டாயம் என்றாலும் தூண்தான். "ஒருவேளை ஏற்றினால்" என்பதற்காக இன்றே 5 டன் கார்பனைப் புதைப்பதைத்தான் எதிர்க்கிறேன். முதல் மாடி வரை 9 அங்குலச் சுவரே தாங்கும்.

செம்மண்_கல்

இதை ஏற்கிறேன். தளத்திலும் குறைக்கலாம் அல்லவா? கீழ்ப்பாதிக் கான்கிரீட் இழுவிசைக்கு உதவாத எடைதான். கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் தளத்தில் அந்த இடத்தில் மங்களூர் ஓடு வைக்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டை_தூண்

செய்யலாம், ஆனால் பலன் நினைப்பதைவிடச் சின்னது. 5 அங்குலத் தளம் 1000 சதுர அடிக்கு 11.6 கன மீட்டர். கால் பங்கு மிச்சம் என்றால் 3 கன மீட்டர், 20 மூட்டை. பிபிசியில் 0.6 டன், கம்பியையும் சேர்த்தால் 1 டன்னை ஒட்டி வரும். தூணை எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. ஓட்டை நனைக்காமல் வைத்தால் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும், கம்பி பிடிப்பு போகும். கழிவறை, பால்கனித் தளத்தில் வேண்டாம்.

அதைவிடச் சுலபம், கடையில் ஓபிசிக்குப் பதில் பிபிசி கேட்பது. சாம்பல் 15 முதல் 35 சதவீதம் கலந்தது. உங்கள் 17 டன் அப்படியே 12 ஆகிறது, வரைபடத்தில் ஒரு கோடும் மாறாமல். ஆரம்ப வலு மெதுவாக ஏறும். அதனால் தளத்துக்குக் கொடுத்த முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது, தண்ணீர் கட்டுவது 7 நாளில் நிற்கக்கூடாது, 10 நாளாவது வேண்டும். பிபிசி வலு இல்லை என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மூன்று நாளை மிச்சம் பிடித்ததால் வந்தது.

அரூர்_கொத்து

செங்கல்லே வேணும்கிறவங்களுக்கு எலிப்பொறிக் கட்டு இருக்குதுங்க. கல்லைக் குத்தா நிறுத்தி நடுவுல 3 அங்குலம் வெற்றிடம். கல்லு நாலுல ஒண்ணு மிச்சம், கலவை இன்னும் ஜாஸ்தி மிச்சம். அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டல் அடி, மூலை, வாசல் ஓரம் எல்லாம் கெட்டியா கட்டணும். எலக்ட்ரிக் பைப்பைக் கட்டும்போதே உள்ள விட்டுடுங்க. அப்புறம் வந்து கட்டர் வெச்சு வெட்டினா 3 அங்குலக் கல்லு உடைஞ்சு போகும். கோணல் மாணலான நாட்டுக் கல்லுல வராது, அளவு ஒத்த கல்லு வேணும்.

பாலக்கோடு_வரைபடம்

சுவரிலும் தூணிலும் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஏஏசி வேண்டுமானால் மேற்குச் சுவருக்கு மட்டும் போதும். தளத்தை விடமாட்டேன். தருமபுரியும் அரூரும் ஒசூர் இல்லை. ஒசூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெள்ளையடித்த தளமே போதும். இங்கே அதில் பாதி உயரம்தான்.

இன்னொன்று. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில், தென்மேற்கில். மாலை வெயில் முழுக்க அங்கேதான். சித்திரை இரண்டாம் வாரம் உச்சியில் சூரியன் நேர் தலைக்குமேல், அப்போது தெற்கு ஜன்னலில் வெயிலே விழாது. மார்கழி உச்சியில் 54 டிகிரி உயரத்தில் வரும், 2 அடி சன்ஷேடு 4 அடி ஜன்னலில் மேல் 2¾ அடியை மறைத்துவிடும். மேற்கில் சூரியன் கீழே இறங்கி நேராக அடிப்பதால் சன்ஷேடு எத்தனை அடி நீட்டினாலும் வீண். அறையை மாற்ற ஒப்பமாட்டார்கள். மாடிப்படியை மேற்குச் சுவருக்கு வெளியே ஒட்டிக் கட்டுங்கள், அல்லது உள்ளே முழு நீளத்துக்கு அலமாரி வையுங்கள்.

செம்மண்_கல்

மேற்குக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் எக்ஸ்பிஎஸ் பெட்ரோலியப் பிளாஸ்டிக். தளம் முழுக்க 150 கிலோ, அதற்கே அரை டன்னுக்கு மேல். அந்த இடத்தில் சோலார் தகடு 7 அடி உயரத்தில் வைத்தால் நிழலும் கிடைக்கும். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி, நாளைக்கு 12 யூனிட், வருடம் 3 டன் கார்பன் மிச்சம். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு.

பாலக்கோடு_வரைபடம்

300 சதுர அடிக்கு நிழல், மீதி 700க்கு? தகடு வேண்டும், பலகையும் வேண்டும். தகடு தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்வு. ஆகவே படிக்கட்டு ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் மொட்டைமாடியின் வடக்கு ஓரத்தில் இருந்தாக வேண்டும். தெற்கில் வைத்தால் மார்கழி, தையில் நிழல் நீண்டு தகட்டில் விழும். மேற்கே வைத்த மாடிப்படியும் வடமேற்கில் முடிகிற மாதிரி வரையுங்கள்.

அரூர்_கொத்து

பலகை போடுறவங்க ஒண்ணை மறந்துடாதீங்க. தளம், அதுமேல நீர்த்தடுப்புப் பூச்சு, 48 மணி நேரம் தண்ணி கட்டி ஒழுகலையான்னு பாத்துட்டுத்தான் பலகை. அதுமேல துணி விரிப்பு, அப்புறம் தட்டு ஓடு. மொத்தம் 4 அங்குலம் ஏறும். மழைத்தண்ணிக் குழாய் பழைய மட்டத்துலயே இருந்தா அடைச்சுக்கும், பேரபெட்டு (மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்) ஓரம் தண்ணி தேங்கும். அதனால குழாய் ஓட்டையையும் பேரபெட்டு உயரத்தையும் கான்கிரீட் போடுற அன்னிக்கே 4 அங்குலம் கூட்டி விடச் சொல்லுங்க.