முதல் ஏர் ரைபிள் வாங்கிய அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

மகளுக்கு 13 வயதில் துப்பாக்கி சுடுதல் பிடித்துப்போனது. கோவையில் கிளப் ரைபிளை வைத்தே எட்டு மாதம் சுட்டாள். அந்த ஒரு ரைபிளை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுப்பார்கள். இவள் தோளுக்கும் கன்னத்துக்கும் சரிசெய்து வைத்ததை அடுத்தவர் மாற்றிவிடுவார், மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கோச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஒன்றரை லட்சம். ஜெர்மன் ரைபிள் புதிதாக வாங்க அது போதாது. பழையதுதான் என்று முடிவெடுத்தோம்.

அங்கேதான் அடிபட்டேன். என்னைப் போல இன்னொரு பெற்றோர் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2022-ல் ஒருவரிடம் பார்த்த ரைபிள் புதுசு மாதிரியே இருந்தது. ஸ்டாக்கில் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) கீறல் இல்லை, டிரிகர் வெண்ணெய் போல விழுந்தது. மகள் பத்து சுடு சுட்டுப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது. பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தோம். காற்று நிரப்பப் போன இடத்தில், அங்கிருந்த தம்பி சிலிண்டரைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குச் சின்னதாகப் பொறித்திருந்த எண்களைக் காட்டினார். தயாரிப்பு ஆண்டு 2011. "சார், பத்து வருஷம்தான் இதுக்கு ஆயுசு. நான் நிரப்ப மாட்டேன்" என்றார். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துவைக்கும் பொருள் அது, குழந்தையின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருப்பது. அவர் மறுத்தது நல்லது. போட்டியிலும் காலாவதியான சிலிண்டரோடு போய் நிற்க முடியாது. விற்றவரைக் கூப்பிட்டால், "அப்போதே பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்றார். அந்த மாடலுக்குப் புது சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் ஷூட்டிங் ஜாக்கெட்டுக்கு எடுத்துவைத்த பணம் அதில் போனது.

பழைய ரைபிள் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சிலிண்டர் தேதியைப் பாருங்கள். அப்புறம் மற்றதெல்லாம்.

ஜாக்கெட் இல்லாமல் மூன்று மாதம் சுட்டாள். ரைபிள் நாலரை கிலோ. நின்றுகொண்டு 60 சுடு, 75 நிமிடம். 2018 முதல் பெண்களுக்கும் 60 தான், முன்பு 40. நாற்பதைத் தாண்டினதும் இடுப்பு வலிக்கிறது என்பாள். கடைசி இரண்டு சீரிஸில் (பத்து சுடு ஒரு சீரிஸ்) மட்டும் புள்ளி சரியும். ரைபிளின் குறை இல்லை அது. ஒரு சீனியர் அக்காவிடம் பழைய ஜாக்கெட், பேன்ட், ஷூ மூன்றையும் வாங்கிப் போட்டதும் அந்தச் சரிவு நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினால் நான் முதலில் உடுப்பும் ஷூவும்தான் வாங்குவேன், இன்னும் கொஞ்ச நாள் கிளப் ரைபிளே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். தோளில் பதியும் பட் பிளேட்டும் கன்னத்தில் படும் சீக் பீஸும் நன்றாக நகர்கிற ரைபிளாக இருக்க வேண்டும். வளரும் பிள்ளை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்து பெல்லட், அதாவது ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. இதில் கணக்கு போட்டுப் பாருங்கள். வாரம் நாலு நாள், நாளுக்கு 60 என்றால் 240. ஒரு டப்பாவில் 500. இரண்டு வாரத்துக்குத்தான் வரும். வருடத்துக்கு 25 டப்பா. ரைபிள் விலையில் பேரம் பேசிய நாங்கள் இதை யோசிக்கவே இல்லை.

ஒரே கம்பெனி பெல்லட்டிலேயே தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தனித்தனியாக வரும். கோச் ரைபிளைக் கிளாம்பில் இறுக்கிவைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து சுடு சுட்டார். 4.49-ல் அட்டையில் பூ இதழ் விரிந்த மாதிரி ஓட்டை. 4.50-ல் ஐந்தும் ஒரே துளைக்குள் போய், துளையின் ஓரம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் வெள்ளைப் பொட்டு என்பதை நினைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் புரியும். எங்கள் ரைபிளுக்கு 4.50 ஒத்துப்போனது, உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம். இரண்டு மூன்று அளவில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சோதித்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

ஃபிரன்ட் சைட் வளையம் (குழல் முனையில் இருக்கும், இலக்கின் கருப்பு வட்டத்தை அதற்குள் வைத்துக் குறிபார்ப்பார்கள்) மலிவான பொருள்தான், ஆனால் பலன் பெரிது. சின்ன வளையம் வைத்தால் துல்லியம் கூடும் என்று நினைத்திருந்தோம். கருப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தெரியாமல் அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பெரிய வளையம் மாட்டியதும் டிரிகரை உரிய நேரத்தில் அழுத்தத் தொடங்கினாள்.

உங்கள் அனுபவம் என்ன?

பதில் 1 (திருச்சியிலிருந்து)

அண்ணா, சிலிண்டர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். என் தம்பிக்கு எடுத்த எடுப்பில் பீப் சைட் ரைபிள் (கண்ணருகே இருக்கும் சின்னத் துளை வழியாகக் குறிபார்ப்பது) வாங்காமல், இந்தியத் தயாரிப்பு ரைபிள் ஒன்று வாங்கி அந்தத் துளை இல்லாமல் வெறும் பள்ளத்தையும் முனையையும் வைத்துக் குறிபார்க்கும் ஓப்பன் சைட் பிரிவில் ஒரு வருடம் விளையாட விட்டோம். மாநிலப் போட்டிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. நிற்கும் நிலை, மூச்சு, டிரிகர் மூன்றும் அதிலேயே படிந்துவிட்டது. இதில் நிலைப்பானா மாட்டானா என்பதும் தெரிந்துவிட்டது. நிலைத்தான், இப்போது பீப் சைட்டுக்கு மாறியிருக்கிறான்.

காற்று நிரப்பக் கைப்பம்பு வாங்கினோம். உடம்புக்கு நல்ல வேலை, ஆனால் மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போகும் என்று பயமாக இருக்கும். இப்போது இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய டேங்க் எடுத்து அதிலிருந்து நிரப்பிக்கொள்கிறோம். செலவும் பாதி.

பதில் 2 (சென்னை)

சார், உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான் என்று என் பையனிடம் அடிக்கடி சொல்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 20 ஜூல் சக்தியைத் தாண்டாத 0.177 அங்குல ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம் என்றதும் சிலர் பொம்மை மாதிரி எண்ணிவிடுகிறார்கள். போட்டி ரைபிளின் வேகம் நொடிக்கு 170 மீட்டருக்கு மேல். வீட்டில் பூட்டிவைக்கப் பெட்டி, உள்ளே குண்டு இல்லை என்று காட்டக் குழலில் செருகும் சேஃப்டி ஃபிளாக், இவை இரண்டும் முதல் பில்லிலேயே இருக்கட்டும். பெல்லட் ஈயம், சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டிஃபன் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

ரைபிள் விற்றவர் பில் கொடுத்தாரா? இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

மறுபடியும் நான்

இல்லை சார், பில் கேட்கவே தோன்றவில்லை. விற்றவரின் அடையாள அட்டை நகலோடு கையெழுத்து வாங்கிய தாள் ஒன்றாவது வேண்டும் என்று கோச் பிறகு சொன்னார். ரைபிளின் வரிசை எண்ணும் சிலிண்டர் தேதியும் அதில் எழுதியிருக்க வேண்டுமாம். திருச்சித் தம்பி, அந்தப் பெரிய டேங்க் எத்தனை லிட்டர், ஒரு தடவை நிரப்பினால் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் எத்தனை நாள் வருகிறது என்று சொல்லுங்கள். எங்கள் ரேஞ்சில் நாலு பெற்றோர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.